மறைக்காமல் விட்ட கைப்பிடி

அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவனுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் அவன் ஜன்னல். கம்ப்யூட்டர் திரையில் வருகிற ஜன்னல்களை, அதாவது பட்டன், வரைபடம், எண் காட்டும் பெட்டி எல்லாம் வைத்த கட்டங்களை, அங்கே உட்கார்ந்து எழுதுகிறவன் அவன் ஒருவன்தான் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். சின்னவர்கள் ‘ஜன்னல் சார்’ என்பார்கள். மேலாளர் ‘எங்கேய்யா நம்ம ஜன்னல்?’ என்று வராந்தாவிலிருந்தே குரல் கொடுப்பார். அவனுக்கு அதில் கோபம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

பெருமைப்பட்டால் தப்பில்லை. கல்லூரியில் புரோகிராம் படித்துவிட்டு வந்தவன் இல்லை அவன். இருபத்திரண்டு வயதில் கருவிகளைத் துடைத்து, குழாய் மாட்டி, ஒயர் ஒட்டுகிற வேலைக்குச் சேர்ந்தவன். கருவிகள் காட்டுகிற எண்களைப் பேப்பரில் எழுதி எழுதி எல்லோருக்கும் கை ஓய்ந்துபோவதைப் பார்த்து, தானே புத்தகம் வாங்கி, முட்டி மோதிக் கற்றுக்கொண்டு, ஐந்து வருடத்தில் அத்தனை கருவிகளையும் திரைக்குக் கொண்டுவந்துவிட்டான். நாற்பத்திநான்கு வயதில் அந்தக் கூடத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான். கம்ப்யூட்டர் விஷயத்தில் மேலாளரே வாயைத் திறக்கமாட்டார்.

கற்றவன் சும்மா இருப்பானா? நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினான். பொதுக் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் ஏழு விதிகள் கொண்ட தாள் ஒன்றை ஒட்டிவைத்தான். அதில் மூன்றாவது விதி இது: ‘நீங்கள் கட்டும் ஜன்னலின் கைப்பிடியை மறைத்து வையுங்கள்.’

கைப்பிடி என்றால் பிடித்துத் திறக்கிற கைப்பிடி இல்லை. அவன் ஜன்னல்களைக் கட்டப் பயன்படுத்துகிற மென்பொருளில் திரையில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும், ஜன்னலோ பட்டனோ வரைபடமோ எதுவானாலும், ஓர் அடையாள எண் உண்டு. அதைத்தான் கைப்பிடி என்பார்கள். அது யார் கைக்குக் கிடைக்கிறதோ அவர்கள் அந்தப் பொருளில் வரையலாம், அழிக்கலாம், அதை மூடியும் விடலாம். யாராவது ‘ஒரு கோடு வரை’ என்று பொதுவாக ஒரு கட்டளை கொடுத்தால், கைப்பிடி வெளியே தெரிகிற ஜன்னல் ஏதாவது திறந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டர் பார்க்கும். இருந்தால் அதிலேயே வரைந்துவிட்டுப் போய்விடும். இது யார் வீட்டு ஜன்னல் என்றெல்லாம் விசாரிக்காது. அதனால்தான் கைப்பிடியை மறைத்து வைக்க வேண்டும். மறைத்துவிட்டால் அந்த ஜன்னலுக்கு உரிய புரோகிராமைத் தவிர வேறு எந்தக் கட்டளையும் அதைத் தொட முடியாது. ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

அந்த ஒரு வரியை, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன், ஒரே ஒரு ஜன்னலில் எழுதாமல் விட்டிருந்தான். அது அக்காவின் ஜன்னல்.

அக்கா அந்தக் கூடத்தின் மூத்த பரிசோதகர். இருபத்தாறு வருட சர்வீஸ். ஊருக்குப் போகிற தண்ணீரில் எவ்வளவு குளோரின் இருக்கிறது என்று பகல் முழுவதும் கவனித்து, குறைந்தால் கூட்டச் சொல்லியும் கூடினால் குறைக்கச் சொல்லியும் பம்ப் அறைக்கு உத்தரவு அனுப்புவது அவர் பொறுப்பு. முன்பெல்லாம் போனில் சொல்வார். திரையில் ஜன்னல் கட்டிய பிறகு அதிலேயே அவன் ஒரு பட்டன் வைத்துக் கொடுத்தான். எண்ணைப் போட்டு அழுத்தினால் பம்ப் அறையில் மணி அடிக்கும், அங்கே இருப்பவர் அதன்படி மாற்றிவிடுவார். சோதனைக் குடுவைகளை யாரையும் கழுவ விடமாட்டார் அக்கா, தானே கழுவுவார். எல்லோரிடமும் கறார். ஜன்னலிடம் மட்டும் கொஞ்சம் செல்லம். அவன் ஒயர் ஒட்டிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே அவரைப் பொறுத்தவரை அவன் தம்பி. “இன்னிக்காவது நேரத்துக்குச் சாப்டியா தம்பி, இல்ல திரையவே மென்னுக்கிட்டு இருந்தியா?” என்று கேட்காமல் ஒரு மதியம் போனதில்லை.

அக்காவின் ஜன்னலைக் கட்டும்போது அடிக்கடி அதை வெளியிலிருந்து நோண்டிப் பார்க்க வேண்டியிருந்தது. கைப்பிடியை மறைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் புரோகிராமைத் திறந்து மூட வேண்டும். சோம்பேறித்தனம்தான், வேறென்ன? கடைசியில் மறைத்துக்கொள்ளலாம் என்று வைத்தான். கடைசி என்பது மூன்று வருடமாக வரவே இல்லை.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. அந்த மென்பொருளுக்கு உரிமம் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் இருந்தது, அதனால் அக்காவும் அவனும் அந்தப் பொதுக் கம்ப்யூட்டரையே மாறி மாறிப் பயன்படுத்துவார்கள். அக்கா குடுவை கழுவப் போயிருந்தார். அந்த இடைவெளியில் அவன் போய் உட்கார்ந்தான். போன வருடம் குளோரின் பம்ப் பழுதான ஒரு நாளைப் பற்றி மேலாளர் அறிக்கை கேட்டிருந்தார். அந்த நாளின் எண்களை எடுத்து, வரை என்று கட்டளை கொடுத்தான். புதிதாக ஒரு ஜன்னல் திறக்கும் என்று எதிர்பார்த்தான். திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த அக்காவின் ஜன்னலில் இன்றைய கோடு மறைந்து, போன வருடத்துக் கோடு வந்து உட்கார்ந்துகொண்டது. அதே நீல நிறம், அதே அளவுகோல். குளோரின் பாதிக்கும் கீழே இறங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டியது.

அவன் அதைப் பார்த்தான். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவன் தனக்குத்தானே பார்க்கவில்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்தான். பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். ‘அட, இங்க போய் விழுந்துடுச்சே’ என்று நினைத்தான். அக்காவின் ஜன்னல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கருவி காட்டுகிற அளவுகள் பதிவாகும் கோப்பிலிருந்து எண்களை எடுத்துத் தன்னைத்தானே புதிதாக வரைந்துகொள்ளும். எப்படியும் அழிந்துவிடும், எதற்கு மெனக்கெட வேண்டும் என்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான்.

அவன் டீயை ஆற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். குளோரின் பாதியாகக் குறைந்திருந்தது. இருபத்தாறு வருட அனுபவம் என்ன செய்யச் சொல்லுமோ அதைச் செய்தார். எண்ணைக் கூட்டிப் போட்டுப் பட்டனை அழுத்தினார், நோட்டில் நேரத்தைக் குறித்தார், நேரில் மாதிரி எடுத்துப் பார்க்க வெளித்தொட்டிக்கு நடந்தார். நடந்து போய் மாதிரி எடுத்து வர இருபது நிமிடம். திரும்பி வந்தபோது திரை தன்னைச் சரிசெய்துகொண்டு, எண்ணோ ஏறிக்கொண்டிருந்தது. அவசரமாகக் குறைத்தார். அதற்குள் கிளம்பிய தண்ணீர் கிளம்பிவிட்டது.

யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாதி ஊரில் குழாயைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மத்தியானம் முழுவதும் போன் ஓயவில்லை. ஒரு பெண்மணி, நீச்சல் குளத்தையா எங்க வீட்டுக்குத் திருப்பி விட்டிருக்கீங்க என்று மேலாளரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

வியாழக்கிழமை மேலாளர் அறையில் விசாரணை. மேலாளர், அக்கா, அவன், மூன்றே பேர்.

“திரையில குறைஞ்சு இருந்துச்சு சார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்” என்றார் அக்கா.

மேலாளர் அன்றைய கோப்பை அச்சடித்து வைத்திருந்தார். அக்கா பட்டனை அழுத்திய நேரம் வரை எண்கள் இம்மி பிசகாமல் சரியாக இருந்தன. மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, கோப்புல ஒண்ணு இருக்க, திரை வேற ஒண்ணு காட்டுமா?”

அந்த நிமிடம்தான். வாயைத் திறந்து ‘ஆமாம் சார், காட்டும், காட்டிச்சு, என்னால’ என்று சொல்ல மூன்று வினாடி ஆகாது. அவனுக்குச் சுவரில் ஒட்டிய மூன்றாவது விதி கண்முன் வந்தது. அதைப் பார்த்துச் சிரிக்கப்போகிற சின்னவர்களின் முகங்கள் வந்தன.

“அந்த ஜன்னல் கோப்புல இருக்கறத எடுத்துத்தான் சார் வரையும்” என்றான்.

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அதில் இருக்கிற அசிங்கம். அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. அவனே சொல்கிறான் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பார்த்தார். “அப்போ நான்தான் தப்பாப் பார்த்துட்டேன் போல” என்று மெல்லச் சொன்னார். மேலாளர், வயசாகுதில்ல, கண்ணை ஒரு தடவை காட்டிக்குங்க என்று பெரிய மனது பண்ணி விசாரணையை முடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவன் அந்தப் புரோகிராமைத் திறந்து, மூன்று வருடமாக எழுதாத ஒரு வரியை எழுதினான். கைப்பிடி மறைந்தது. இனி யார் என்ன கட்டளை கொடுத்தாலும் அக்காவின் ஜன்னலில் ஒரு புள்ளிகூட விழாது. வேலை சுத்தம். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனான், சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம் அக்கா கண் டாக்டரிடம் போய் வந்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். இதைக் கேட்டுக் கூடத்தில் மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அக்கா சந்தோஷப்படவில்லை. அன்று மதியம் அவனிடம் மட்டும் சொன்னார்.

“கண்ணு கெட்டிருந்தா கண்ணாடி போட்டுட்டுப் போயிருப்பேன் தம்பி. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னா, கோளாறு அதுக்கு மேல இல்ல இருக்கு?” என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். “எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. இல்லாதத இருக்குன்னாரு. அப்புறம் என்னையே யாரும்மா நீன்னு கேட்டாரு. ஒம்பது வருஷம் பார்த்துக்கிட்டேன்.”

“அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுக்கா” என்றான். வேறு என்ன சொல்வான், உண்மையைத் தவிர எதையும் சொல்லத் தயாராக இருந்தவன்?

அதன் பிறகு அக்கா மாறிப்போனார். ஒரு எண்ணைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, இங்க என்ன போட்டிருக்கு, படிங்க என்பார். கழுவிய குடுவையை மறுபடி கழுவுவார். நோட்டில் ஒரே அளவை மூன்று முறை எழுதுவார். சின்னவர்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு அலுத்துக்கொண்டார்கள், பிறகு முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். ஒருநாள் ஒருவன் அக்காவைப் போலவே கண்ணைச் சுருக்கி எண் படித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலும் லேசாகச் சிரித்துவைத்தான். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்காமல் நின்றான்.

ஆறாவது வாரம் புதன்கிழமை, அக்கா அவன் மேசைக்கு வந்தார்.

“தம்பி, ஒரு உதவி. அந்தப் பட்டனை என்கிட்ட இருந்து எடுத்துடு. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், பம்ப் ரூமுக்கு வேற ஆள் போன்ல சொல்லிக்குவாங்க. நான் அழுத்தினாலும் அது அழுந்தக் கூடாது.”

“எதுக்குக்கா?”

“என் கையை நானே நம்ப முடியல. ஊரே குடிக்கிற தண்ணி. வெள்ளிக்கிழமை லெட்டர் கொடுத்துடறேன், முன்னாடியே ரிட்டயர் ஆகிக்கிறேன். இந்த ரெண்டு நாள்ல ஏதாவது ஏடாகூடமா ஆயிடக் கூடாதில்ல?”

அவன் செய்தான். அதையும் செய்தான். பொதுக் கம்ப்யூட்டருக்குப் போய் அக்காவின் ஜன்னலைத் திறந்து, பட்டனைச் செயலிழக்க வைக்கும் வரியை எழுதினான். பட்டன் சாம்பல் நிறத்துக்கு மாறியது. கண்ணுக்குத் தெரியும், அழுத்தினால் அசையாது. அக்கா அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து மவுஸைப் பிடித்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார். இன்னொரு முறை அழுத்தினார். அசையவில்லை.

“நல்லதுப்பா. இப்பத்தான் நிம்மதி” என்றார்.

அன்று வீட்டில் மனைவியிடம், ஆபீஸில் யாரோ ஒருத்தர் செய்த தப்பு என்று கதையை ஆரம்பித்தான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் மடிப்பதை நிறுத்தினாள்.

“அந்த ஒருத்தர் நீங்கதானே?”

அவன் மடித்து வைத்த துணி ஒன்றை எடுத்து மறுபடி மடித்தான்.

“ஒரு மாசமா உப்பு சரியில்ல, உறைப்பு சரியில்லன்னு தட்டைத் தள்ளி வச்சீங்களே, இதுக்குத்தானா? அங்க ஒரு பொம்பள தனக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு நடுங்கிக்கிட்டு இருக்கா. நீங்க என் சாப்பாட்டுல குத்தம் கண்டுபிடிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க.”

“சொன்னா என் மானமே போயிடும்.”

“இருந்தாத்தானே போறதுக்கு?” என்றாள் அவள். மீதித் துணியை அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை காலை அவன் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டான். அக்கா வந்தார். கைப்பையிலிருந்து உறை ஒன்று எட்டிப் பார்த்தது.

“அக்கா, மேனேஜர் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இங்க உக்காருங்க.”

அக்காவைப் பொதுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காரவைத்தான். வாயால் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை என்பதே உண்மை, அதனால் செய்து காட்டினான். கைப்பிடியை மறைக்கும் வரியை எடுத்துவிட்டான். அக்காவின் ஜன்னலைத் திறந்தான். இன்றைய கோடு சரியான உயரத்தில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பக்கத்தில், போன வருடத்து நாளைக் கொடுத்து, வரை என்று தட்டினான்.

நீலக் கோடு மறைந்தது. இன்னொரு நீலக் கோடு வந்தது. குளோரின் பாதிக்கும் கீழே இறங்கியது.

அக்கா திரையையே பார்த்தார்.

“இதேதான்” என்றார். “இதேதான் தம்பி நான் பார்த்தது. அந்தக் கடைசி வளைவு உள்பட.”

“ஆமாக்கா. நான்தான் வரைஞ்சேன். தெரியாம இங்க விழுந்துடுச்சு. விழுந்தத நான் பார்த்தேன். தானா அழிஞ்சிடும்னு டீ குடிக்கப் போயிட்டேன். மேனேஜர் கேட்டப்பவும் மறைச்சுட்டேன்.”

சொல்லும்போது தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவனுக்கு. திட்டுவார் என்று காத்திருந்தான். அறைந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான். அக்கா வேறு ஒன்று கேட்டார்.

“எத்தனை நாள் ஆச்சு?”

“முப்பத்தெட்டு நாள்க்கா.”

“முப்பத்தெட்டு நாள்” என்று அக்கா திரும்பச் சொன்னார். “தினமும் காலையில கண் முழிச்சதும் என் பேர், வீட்டு நம்பர், பையன் பொறந்த தேதி, மூணையும் சொல்லிப் பார்த்துட்டுத்தான் படுக்கைய விட்டு எழுந்திரிச்சேன். என்னிக்கு எது மறந்துபோகுமோன்னு. பையன்கிட்ட, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்கயாவது விட்டுடு, நீ கிடந்து அல்லாடாதன்னு எழுதிக் கொடுத்துட்டேன். அவன் அதை வாங்கிப் படிச்சுட்டு அழுதான்.”

அவனால் நிமிர முடியவில்லை. மன்னிச்சுடுங்கக்கா என்று ஏதோ சொன்னான், அது அவன் காதிலேயே சரியாக விழவில்லை.

“மேனேஜர் வந்ததும் இதை இன்னொரு தடவை செஞ்சு காட்டணும்” என்றார் அக்கா. “எல்லாரையும் கூப்பிட்டு.”

காட்டினான். ஒன்பது பேர் சுற்றி நின்றார்கள். சுவரில் இருந்த தாள் எல்லோர் கண்ணுக்கும் நேராக இருந்தது. யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவனைப் பார்க்கவே இல்லை. அவன் முப்பத்தெட்டு நாள் பயந்த சிரிப்பு வராமலே போனது, வந்திருந்தால் தேவலை என்று இருந்தது. அக்காவைப் போல எண் படித்துக் காட்டியவன்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி, பெரிசா ஒண்ணும் ஆகல, இனிமே கவனமா இருங்க என்றார். ஒரு மெமோ கொடுத்தார். இவ்வளவுதானா என்று இருந்தது அவனுக்கு. தண்டனை சின்னதாக இருந்ததில் அவமானம் இன்னும் பெரிதாகிவிட்டது.

அன்று மதியம் பட்டனைப் பழையபடி உயிர்ப்பித்துக் கொடுத்தான். அக்கா உறையைக் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை, பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. சுவரில் இருந்த விதித் தாளை அவன் கழற்றிவிட்டான். ஜன்னல் என்ற பெயர் மட்டும் கழலவில்லை. சின்னவர்கள் இப்போதும் கூப்பிடுகிறார்கள், அவனும் திரும்பிப் பார்க்கிறான். கைப்பிடி மறைக்காத ஜன்னல் ஒன்றுகூட இன்று அந்தக் கூடத்தில் கிடையாது. ஒவ்வொன்றையும் தினமும் காலையில் ஒருமுறை சோதிக்கிறான், தேவையே இல்லாவிட்டாலும்.

அக்கா அவனோடு சண்டை போடவில்லை. வேலை விஷயமாக எது கேட்டாலும் பதில் சொல்கிறார். சாப்டியா என்று மட்டும் கேட்பதில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் அவனுக்கு வேலை இருந்தால் எழுந்து இடம் கொடுப்பார். ஆனால் குடுவை கழுவப் போகமாட்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவன் எழுந்திருக்கும் வரை பின்னாலேயே நிற்பார்.

“முடிஞ்சுதா சார்?” என்று கேட்பார்.

“முடிஞ்சுதுக்கா.”

அவன் எழுந்ததும் அக்கா உட்காருவார். பட்டன் மேல் கை வைப்பதற்கு முன்னால் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார். உதடு லேசாக அசையும். மூன்று விஷயங்கள் சொல்லி முடிக்கிற நேரம். என்ன சொல்கிறார் என்று அந்தக் கூடத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.